பழைய படகும் எஞ்சினும் வாங்கும்முன்: பழவேற்காட்டு மீனவர் அறிய வேண்டிய உரிமைகளும் ஆபத்துகளும் பரிகாரங்களும்

பழைய ஃபைபர் படகும் எஞ்சினும் கைமாறுவது பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வழக்கமான வியாபாரம். புதிதாக வாங்குவது எல்லோருக்கும் எட்டுவதில்லை. பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தில், பாரம்பரிய மீனவருக்கான மாற்றுப் படகுக்கும் வலைக்கும் சேர்த்துக் கணக்கிடப்பட்ட அலகுத் தொகையே 5 லட்சம் ரூபாய். தனித் தொழிலில் இறங்க நினைக்கும் இளைஞரும், புயலில் படகை இழந்தவரும், பிறர் படகில் பங்குக்குப் போய்க்கொண்டிருப்பவரும் முதலில் செகண்ட் ஹேண்ட் படகைத்தான் தேடுகிறார்கள். பேச்சு கரையிலேயே முடிகிறது. பணம் கையில் மாறுகிறது. படகு அன்றே வேறு துறைக்குப் போய்விடுகிறது. பதிவுக் காகிதம் மட்டும் பழைய உரிமையாளரின் வீட்டில் தங்கிவிடுகிறது. பிறகு எழும் சிக்கல்கள் பலவற்றுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

பழைய படகு வாங்குபவர் உண்மையில் மூன்று பொருள்களை வாங்குகிறார்: படகின் உடல், எஞ்சின், அரசுப் பதிவேட்டில் உள்ள உரிமை. மூன்றும் தனித்தனியாகப் பழுதாகி இருக்கக்கூடும். உடல் உறுதியாக இருந்தும் எஞ்சின் திருட்டுப் பொருளாக இருக்கலாம். இரண்டும் நன்றாக இருந்தும் படகின் மேல் கடன் இருக்கலாம். ஆகவே மூன்றையும் தனித்தனியே சோதித்து, மூன்றுக்கும் தனித்தனியே விலை மதிப்பதே முறை.

ஏரியின் இயல்பும் படகின் தேய்மானமும்

ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து இந்தியாவின் மிகப் பெரிய உவர்நீர்க் காயல் பழவேற்காடு. அதன் பெரும்பகுதி ஆந்திராவின் திருப்பதி மாவட்டத்திலும், தென்பகுதி தமிழ்நாட்டின் திருவள்ளூர் மாவட்டத்திலும் உள்ளது. ஸ்ரீஹரிகோட்டா தீவு ஏரியையும் வங்கக் கடலையும் பிரிக்கிறது. ஏரியின் சராசரி ஆழம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆரணியாறும் காளங்கியாறும் கொண்டுவரும் நன்னீர், முகத்துவாரம் வழியாக ஏறும் கடல்நீர் ஆகியவற்றின் அளவுக்கேற்ப உப்பின் அளவு பருவந்தோறும் மாறுகிறது. முகத்துவாரம் மணல் சேர்ந்து தூர்ந்துபோவதும் உண்டு.

இந்த இயல்பு படகிலும் எஞ்சினிலும் தடம் பதிக்கிறது. ஆழம் குறைந்த இடத்தில் ஓடும் எஞ்சின் சேற்றையும் மணலையும் குளிர்விக்கும் நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. விசிறி தரையில் தட்டித் தட்டி அதன் தண்டு வளைகிறது. மணல்மேட்டில் இழுபடும் படகின் அடிப்பகுதி மெலிகிறது. உப்புநீர், அலுமினிய உறைகளையும் திருகாணிகளையும் அரிக்கிறது. ஏரியில் மட்டும் ஓடிய படகுக்கும், முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குப் போன படகுக்கும் தேய்மானம் ஒன்றல்ல. விலை பேசுவதற்கு முன் படகு எங்கே ஓடியது என்பதைக் கேட்டறிவது முதல் வேலை.

பதிவும் பெயர் மாற்றமும்

2008-ஆம் ஆண்டு மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மீன்பிடிப் படகுகளின் பதிவு நாடு முழுவதும் இறுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டமும், ஒன்றிய அரசின் வணிகக் கப்பல் சட்டத்தின் கீழான பதிவும் நடைமுறையில் உள்ளன. பதிவு விவரங்கள் ரியல்கிராஃப்ட் என்னும் இணையத் தளத்தில் ஏற்றப்படுகின்றன. படகில் எழுதப்பட்ட பதிவு எண், பதிவுச் சான்றிதழ், உரிமையாளரின் அடையாள ஆவணம், இணையத் தளத்தில் உள்ள விவரம் ஆகிய நான்கும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். படகின் நீள அகலமும் எஞ்சினின் தயாரிப்பு, குதிரைத்திறன், வரிசை எண் ஆகியவையும் சான்றிதழில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். எஞ்சினை மாற்றிவிட்டுப் பதிவைத் திருத்தாமல் விட்ட படகை வாங்கினால், அந்தக் குறை வாங்கியவரின் தலையில் விழும்.

திருவள்ளூர் மாவட்டக் கடலோரத்துக்கான மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை உதவி இயக்குநர் அலுவலகம் பொன்னேரியில் இருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு விற்பவரும் வாங்குபவரும் சேர்ந்தே அங்கு செல்வது நல்லது. விற்பவரின் கையெழுத்திட்ட விற்பனைக் கடிதம், அசல் பதிவுச் சான்றிதழ், இருவரின் அடையாள ஆவணங்கள் ஆகியவற்றை எடுத்துச் செல்ல வேண்டும். வேறு ஆவணம் தேவையா என்பதை முன்கூட்டியே அலுவலகத்தில் கேட்டுக்கொண்டால் அலைச்சல் குறையும்.

பெயர் மாறாத படகின் விளைவுகள் பல. மானிய எரிபொருள் பதிவு உரிமையாளரின் பெயரிலேயே வரும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் திருவள்ளூர்க் கடலோரத்தைத் தாக்கியதுபோல மீண்டும் ஒரு புயல் வந்து படகு சேதமானால், அரசு நிவாரணக் கணக்கெடுப்பு பதிவேட்டைத்தான் பார்க்கும்; படகை இழந்தவர் ஒருவர், பெயர் உள்ளவர் மற்றொருவர் என்ற நிலை வரும். காப்பீடு எடுக்கவோ வங்கிக் கடன் கேட்கவோ வழியிருக்காது. விற்றவருக்கும் இதில் ஆபத்து உண்டு. படகு விபத்தில் சிக்கினாலும், எல்லை தாண்டினாலும், கடத்தலில் பிடிபட்டாலும் விசாரணை முதலில் வந்து நிற்பது பதிவேட்டில் பெயர் உள்ளவரின் வீட்டு வாசலில். எனவே பெயர் மாற்றம் இருவருக்குமே பாதுகாப்பு.

எல்லைக்கு அப்பாலிருந்து வரும் படகு

ஏரி ஒன்று, மாநிலம் இரண்டு. சூளூர்ப்பேட்டை, தடா பக்கத்துக் கிராமங்களிலிருந்து படகும் எஞ்சினும் விலைக்கு வருவது இயல்பு. ஆந்திராவில் மீன்பிடிப் படகுகளை ஒழுங்குபடுத்துவது அந்த மாநிலத்தின் 1994-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே பதிவான படகை இங்கே ஓட்ட, முதலில் அந்த மாநில மீன்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று பெற்று, பழைய பதிவை நீக்கி, பிறகு இங்கே பதிவு செய்ய வேண்டும். ஆந்திரப் பதிவு எண்ணை அழித்துவிட்டுப் புதிய வண்ணம் பூசி விற்கப்படும் படகு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கத் தகாதது. ஏரியில் இரு மாநில மீனவர்களுக்கிடையே எல்லைத் தகராறுகள் எழுந்துள்ள பகுதி இது. பதிவற்ற படகு அத்தகைய தகராறில் சிக்கினால் உரிமையாளரிடம் காட்ட ஒரு காகிதமும் இருக்காது.

கடன், மானியம், திருட்டு

படகின் மேல் வங்கியோ கூட்டுறவுச் சங்கமோ தனியார் நிதி நிறுவனமோ கடன் கொடுத்திருந்தால், கடன் தீர்ந்ததற்கான எழுத்துச் சான்றைப் பணம் கொடுக்கும் முன்பே பெற வேண்டும். "அடுத்த மாதம் கட்டி முடித்துவிடுவேன்" என்ற வாய்ச்சொல் போதாது. கடன் பாக்கி இருந்தால், விலையில் அந்தத் தொகையை நேரடியாகக் கடன் கொடுத்தவருக்கே செலுத்தி, மீதியை மட்டும் விற்பவருக்குக் கொடுப்பது பாதுகாப்பான வழி.

பதிவேட்டில் தெரியாத கடனும் உண்டு. மீன் வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, பிடிக்கும் மீனையும் இறாலையும் அவருக்கே கொடுப்பதாக ஒப்புக்கொண்டவர்களின் படகுகள் கடற்கரையெங்கும் உள்ளன. படகு கைமாறியபின் அந்த வியாபாரி வந்து புதிய உரிமையாளரிடம் கணக்குக் கேட்பது உண்டு. விற்றவர் வாங்கிய கடன் விற்றவருடையதே. ஒப்புக்கொள்ளாத ஒருவர் மேல் அதைச் சுமத்த முடியாது. ஆனாலும் பின்னால் தகராறு எழாமலிருக்க, "இந்தப் படகின் மேல் யாருக்கும் எந்தப் பாக்கியும் இல்லை, இருந்தால் அதை நானே தீர்ப்பேன்" என்ற உறுதியை விற்பனைக் கடிதத்தில் எழுதி வாங்க வேண்டும். படகு வாங்குவதற்காகக் கந்துவட்டிக்குக் கடன் வாங்குவது மற்றோர் ஆபத்து. 2003-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கந்துவட்டித் தடைச் சட்டம் அளவுக்கு மீறிய வட்டி வசூலைக் குற்றமாக்கியுள்ளது.

அரசு மானியத்தில் வழங்கப்பட்ட படகையும் எஞ்சினையும் வாங்கும்போது, மானிய ஆணையின் நிபந்தனைகளைப் படித்துப் பார்க்க வேண்டும். குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கக் கூடாது என்றோ, துறையின் அனுமதி பெற்றே விற்க வேண்டும் என்றோ அதில் இருந்தால், அதை மீறிய விற்பனையில் பெயர் மாற்றம் நிற்கும். மானியத்தைத் திரும்பக் கேட்கும் நிலையும் வரலாம்.

எஞ்சின் எளிதில் கழற்றித் தூக்கிச் செல்லக்கூடிய பொருள். ஆகவே திருட்டுக்கு உள்ளாகும் பொருளும் அதுவே. வெளிப்புற எஞ்சினைப் படகோடு பிணைக்கும் பிடிப்பகுதியில் வரிசை எண் தகடு இருக்கும். அந்தத் தகடு பெயர்க்கப்பட்டிருந்தாலோ, எண் தேய்க்கப்பட்டிருந்தாலோ, புதிய திருகாணி போட்டு ஒட்டவைத்ததுபோல் இருந்தாலோ பேச்சை அங்கேயே நிறுத்திவிட வேண்டும். முதல் விற்பனை ரசீது இல்லாத எஞ்சினையும் ஐயத்தோடுதான் பார்க்க வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்குவது 2023-ஆம் ஆண்டின் பாரதிய நியாய சன்ஹிதா 317-ஆம் பிரிவின்படி குற்றம். தெரியாமல் வாங்கியிருந்தாலும் எஞ்சின் உண்மையான உரிமையாளருக்கே போகும். வாங்கியவர் பணத்தை விற்றவரிடம்தான் தேட வேண்டும்.

படகோடு கூட வராத உரிமைகள்

விற்பவர் படகை விற்கலாம். ஊரின் உரிமையை விற்க முடியாது. பழவேற்காட்டில் கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுக்குப்பம் போன்ற கிராமங்களில் பாடு முறை நீண்ட காலமாக நிலவுகிறது. ஏரியின் குறிப்பிட்ட மீன்பிடி இடங்களை யார், எந்த முறையில் பயன்படுத்துவது என்பதை அந்த ஏற்பாடு தீர்மானிக்கிறது. அந்த உரிமை ஊரின் தலைக்கட்டுக் குடும்பங்களுக்கு உரியது; படகுக்கு உரியதல்ல. "இந்தப் படகை வாங்கினால் பாட்டில் இடமும் கிடைக்கும்" என்று சொல்லி விலையை ஏற்றுபவர் தம்மிடம் இல்லாத ஒன்றை விற்கிறார். வெளியூரிலிருந்து படகு வாங்கி வருபவரும், பாட்டில் சேராத சமூகத்தைச் சேர்ந்தவரும் இதை முன்பே ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

சுற்றுலாச் சவாரி என்பது இன்னொரு ஆசை வார்த்தை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்களை ஏற்றினால் படகின் விலையைச் சீக்கிரம் எடுத்துவிடலாம் என்று விற்பவர் சொல்லக்கூடும். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதன்பின் அங்கே உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை விதிக்கப்பட்டது. மீன்பிடிப் படகாகப் பதிவானது மீன் பிடிக்கவே. அதில் அனுமதியின்றிப் பயணிகளை ஏற்றி விபத்து நேர்ந்தால் ஓட்டியவர் குற்றவழக்கைச் சந்திக்க வேண்டிவரும், காப்பீடும் கைகொடுக்காது. சவாரி வருமானத்தைக் கணக்கில் சேர்த்துப் படகுக்கு விலை வைப்பது தவறு.

படகின் உடலைச் சோதித்தல்

ஃபைபர் படகின் குறைகளைப் புதுப் பெயின்ட் எளிதில் மறைத்துவிடும். அண்மையில் பெயின்ட் அடித்த படகானால் அதற்கான காரணத்தைக் கேட்க வேண்டும். படகைக் கரையேற்றி, அடிப்பகுதி முழுதும் காய்ந்தபின் பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சோதனை.

அணியம் முதல் அமரம் வரை மரக்கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே போக வேண்டும். உறுதியான இடத்தில் ஒலி கணீரென்று வரும். அடுக்குகள் பிரிந்த இடத்தில் மங்கி ஒலிக்கும். நட்சத்திரம்போல் விரியும் மெல்லிய வெடிப்புகள் அந்த இடத்தில் அடிபட்டதைக் காட்டும். மேற்பூச்சுக்கு அடியில் கொப்புளங்கள் இருந்தால் நார்களுக்குள் நீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். மணலில் இழுபடும் அடிக்கட்டைப் பகுதியில் நார் வெளியே தெரிந்தால் அதைச் சரிசெய்யும் செலவை விலையில் கழிக்க வேண்டும்.

எஞ்சினை மாட்டும் பின்பலகைதான் மிக முக்கியமான இடம். ஃபைபருக்கு உள்ளே பொதுவாக மரப்பலகையே இருக்கும். திருகாணி ஓட்டைகள் வழியே நீர் இறங்கினால் வெளியே பளபளப்பாக இருந்தும் உள்ளே மரம் உளுத்துப்போயிருக்கும். எஞ்சினைப் பிடித்து முன்னும் பின்னும் அசைக்கும்போது பலகை வளைந்தாலோ, ஓட்டைகளில் பழுப்புநிற நீர் கசிந்தாலோ பலகையையே மாற்ற வேண்டிவரும். படகு கவிழ்ந்தாலும் மிதக்கவைப்பதற்கான அறைகளில் உள்ள தெர்மக்கோல் நீரை உறிஞ்சியிருந்தால் படகு கனத்துவிடும். மிதக்கும் திறனும் குறையும். பல இடங்களில் ஒட்டுப் போட்ட படகை, கட்டிய படகுத்தளம் எது, எந்த ஆண்டு என்று தெரியாத நிலையில் வாங்கக் கூடாது. 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணத்துக்காகக் குறுகிய காலத்தில் ஏராளமான ஃபைபர் படகுகள் கட்டப்பட்டபோது, அவற்றுள் பலவற்றின் தரம் குறைவாக இருந்தது கவலையாக எழுப்பப்பட்டது. எனவே கட்டப்பட்ட ஆண்டும் இடமும் தெரிந்திருப்பது அவசியம்.

எஞ்சினைச் சோதித்தல்

விற்பவர் எஞ்சினை முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருக்கலாம். சோதனைக்குப் போனதும் முதலில் எஞ்சினைத் தொட்டுப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நிலையில் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதே உண்மையான சோதனை. வெளிப்புற எஞ்சினில் குளிர்விக்கும் நீர் வெளியேறும் துளையிலிருந்து நீர் விடாமல் பீய்ச்ச வேண்டும். சொட்டினால் பம்ப்போ நீர்வழியோ சேற்றால் அடைபட்டிருக்கிறது. கியர் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்க்கலாம். அது பாலாக வெளுத்திருந்தால் சீல் வழியே நீர் இறங்கியிருக்கிறது. விசிறியை மெதுவாகச் சுழற்றி, தண்டு தள்ளாடாமல் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். புகை நீலமாக இருந்தால் டீசல் எஞ்சினில் எண்ணெய் எரிகிறது. எஞ்சின் சூடேறிய பின்னும் கருமையாக வந்துகொண்டிருந்தால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. இரு வீச்சு எஞ்சினில் எரிபொருளோடு எண்ணெய் கலப்பதால் சிறிது நீலப்புகை இயல்பே. ஒவ்வொரு சிலிண்டரின் அழுத்தத்தையும் கருவி வைத்து அளக்க ஒரு மெக்கானிக்குக்குச் சில நூறு ரூபாய் கொடுப்பது, பல ஆயிரம் ரூபாய் இழப்பைத் தவிர்க்கும்.

லாங் டெயில் எஞ்சினானால் நீண்ட தண்டின் நேர்மை, தாங்கிகளின் தேய்மானம், உடலோடு இணையும் இடத்தில் உள்ள வெல்டிங் ஒட்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இறுதியாக வலை, ஆட்கள், ஐஸ் பெட்டி ஆகியவற்றின் எடைக்கு ஈடான சுமையை ஏற்றி, குறைந்தது அரை மணி நேரம் நீரில் ஓட்டிப் பார்க்க வேண்டும். கரையில் நிறுத்தி இரண்டு நிமிடம் ஓடவிட்டுக் காட்டும் எஞ்சினை வாங்கிவிடக் கூடாது. உதிரிப் பாகம் சென்னையிலோ பொன்னேரியிலோ கிடைக்குமா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். பாகம் கிடைக்காத எஞ்சின் மலிவாக இருந்தாலும் வீண்.

பணமும் எழுத்தும்

பொருள் விற்பனை ஒப்பந்தம் எழுத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. வாய்மொழி ஒப்பந்தமும் செல்லும். ஆனால் தகராறு வரும்போது நிரூபிக்க வேண்டியது வாங்கியவர் பொறுப்பு. வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும். முத்திரைத்தாள் இல்லையே என்பதால் எழுதாமல் விட்டுவிடக் கூடாது. அந்தக் கடிதத்தில் இருவரின் பெயர், முகவரி; படகின் பதிவு எண், நீள அகலம்; எஞ்சினின் வரிசை எண்; விலை, முன்பணம், மீதி, கொடுக்கும் தேதி; கடன் இல்லை என்ற உறுதி; விற்பவர் எஞ்சினைப் பற்றிச் சொன்ன முக்கியமான வார்த்தைகள்; பெயர் மாற்றத்துக்கு வந்து ஒத்துழைக்க வேண்டிய கெடு; இரு சாட்சிகளின் கையெழுத்து ஆகியவை இருக்க வேண்டும். "பெயர் மாற்றம் ஆகாவிட்டால் முழுப் பணமும் திருப்பித் தரப்படும்" என்ற ஒரு வரி பல வழக்குகளைத் தவிர்க்கும்.

பணத்தை வங்கி வழியாகவே அனுப்ப வேண்டும். 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. மேலும் வங்கிக் கணக்கின் பதிவைவிட உறுதியான ரசீது இல்லை. விலையில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடியும்வரை கையில் வைத்துக்கொள்வது விற்பவர் ஒத்துழைக்கத் தூண்டுதலாக அமையும். கைபேசிக் குழுக்களிலும் இணைய விளம்பரங்களிலும் எஞ்சின் படத்தைப் போட்டு, "முன்பணம் அனுப்பினால் ஒதுக்கிவைக்கிறேன்" என்று கேட்பவர்களிடம், பொருளை நேரில் பார்க்கும்முன் ஒரு ரூபாயும் அனுப்பக் கூடாது. ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். உடனே சொன்னால் பணம் மேலும் கைமாறுவதற்கு முன் வங்கிக் கணக்கை முடக்க வாய்ப்புண்டு.

சட்டம் தரும் உரிமைகள்

1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் படகுக்கும் எஞ்சினுக்கும் பொருந்தும். ஒப்பந்தத்தில் எழுதாவிட்டாலும் சில உறுதிகள் அதில் இருப்பதாக அந்தச் சட்டம் கொள்கிறது. விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டு, பொருளின் மேல் வெளிப்படுத்தாத பிறர் பாத்தியதை இல்லை என்பவை 14-ஆம் பிரிவின் உறுதிகள். சொன்ன விவரத்துக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 15-ஆம் பிரிவு. 27-ஆம் பிரிவின்படி, பொதுவாகத் தம்மிடம் இல்லாத உரிமையை விற்பவர் கொடுக்க முடியாது. பொருளை ஏற்பதற்கு முன் சோதித்துப் பார்க்கும் உரிமையை 41-ஆம் பிரிவு தருகிறது.

தரத்தைப் பொறுத்தவரை சட்டம் இவ்வளவு தாராளமாக இல்லை. வாங்குபவரே எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது 16-ஆம் பிரிவின் அடிப்படை. இத்தகைய பொருள்களை விற்பதையே தொழிலாகக் கொண்ட வியாபாரியிடம் வாங்கும்போதும், விற்பவரின் தேர்ச்சியை நம்பி, தேவை என்னவென்று சொல்லி வாங்கும்போதும் சில விலக்குகள் உண்டு. ஆனால் வாங்குபவர் சோதித்துப் பார்த்திருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு வணிகத் தரம் என்ற உறுதி துணைவராது. "இருக்கிற நிலையிலேயே விற்கப்படுகிறது" என்று எழுதிக் கையெழுத்திட்டால் இந்த உறுதிகள் இன்னும் சுருங்கும். அப்படி எழுதியிருந்தாலும் ஏமாற்றுக்கு அது கவசமாகாது. எஞ்சின் திறந்து பழுது பார்க்கப்பட்டதில்லை என்று தெரிந்தே பொய் சொல்லியிருந்தால், 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தின் 17, 19 பிரிவுகளின்படி ஒப்பந்தத்தையே தள்ளுபடி செய்ய முடியும்.

நேரம் இங்கே முக்கியம். குறை தெரிந்த பிறகும் மாதக்கணக்கில் படகை ஓட்டினால், அதை ஏற்றுக்கொண்டதாகவே கருதப்படும். அப்போது திருப்பிக் கொடுக்கும் உரிமை போய், நட்டஈடு கேட்கும் உரிமை மட்டுமே மிஞ்சும்.

பரிகாரம் எங்கே

பரிகாரத்தின் வாசலைத் தீர்மானிப்பது விற்றவர் யார் என்ற கேள்வி.

விற்றவர் பழைய எஞ்சின் கடைக்காரர், படகு முகவர், படகுத்தளம் நடத்துபவர் போன்ற வியாபாரியானால் நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வர்த்தக நோக்கத்துக்கு வாங்குபவரை விலக்குகிறது. ஆனால் சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும் வாங்குபவர் அந்த விலக்குக்குள் வரமாட்டார். 1995-இல் உச்ச நீதிமன்றம் லட்சுமி எஞ்சினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் இதை விளக்கியது. தானே ஓட்டுவதற்கு ஆட்டோ ரிக்‌ஷா வாங்குபவர் நுகர்வோரே. உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொண்டாலும் அவர் அந்தத் தகுதியை இழப்பதில்லை என்று அது சொன்னது. அந்த வழக்கில் இயந்திரம் வாங்கிய நிறுவனம் மட்டும், வர்த்தக நோக்கத்துக்காக வாங்கியது எனக் கண்டு நுகர்வோராக ஏற்கப்படவில்லை. தானே வலை வீசும் ஒற்றைப் படகுக்காரர் முதல் வகையில் வருவார். பல படகுகளை ஆள் வைத்து ஓட்டும் முதலாளி வரமாட்டார். புகாரில் "என் பிழைப்புக்காக நானே ஓட்டுவதற்கு வாங்கினேன்" என்று தெளிவாக எழுத வேண்டும். பழையதைப் புதியதென்றோ, புதுப்பித்ததைப் பழுதே காணாததென்றோ சொல்லி விற்பது அச்சட்டத்தின்படி நேர்மையற்ற வணிக முறை.

பொருளுக்குக் கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய் வரையிலான புகார்களை மாவட்ட ஆணையம் விசாரிக்கும். புகார்தாரர் வாழும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம் என்பதால் ஏரிக்கரை மீனவருக்குத் திருவள்ளூர் ஆணையமே போதும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. புகார் கொடுக்கும் கால எல்லை, காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆணையத்தின் ஆணையை மீறுபவருக்குச் சிறையும் அபராதமும் உண்டு.

விற்றவர் தம் சொந்தப் படகை ஒரே ஒருமுறை விற்ற சக மீனவரானால், அவர் வியாபாரி அல்லர். நுகர்வோர் ஆணையம் பொருந்தாது. உரிமையியல் நீதிமன்றத்தில் 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். பொன்னேரி நீதிமன்ற வளாகத்தில் உள்ள வட்டச் சட்டப்பணிகள் குழு இலவச வழக்கறிஞரை ஏற்படுத்தித் தரும். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவானாலும் இந்த உதவி உண்டு; பிறருக்கு வருமான வரம்பு உண்டு. உதவி எண் 15100. லோக் அதாலத்தில் சமரசம் எட்டினால் அது நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகர். அதை எதிர்த்து மேல்முறையீடு இல்லை.

திருட்டு எஞ்சினை விற்றதும், போலிப் பதிவுச் சான்று காட்டியதும், ஒரே படகை இருவருக்கு விற்றதும் குற்றங்கள். பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு மோசடியைத் தண்டிக்கிறது. பழவேற்காடு திருப்பாலைவனம் காவல் நிலைய எல்லைக்குள் வருகிறது. குற்றம் எல்லைக்கு அப்பால் நடந்திருந்தாலும் இங்குள்ள நிலையத்தில் புகாரைப் பதிய முடியும்; அதை உரிய நிலையத்துக்கு அனுப்புவது காவல்துறையின் வேலை. புகாரை ஏற்க மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் அனுப்பலாம். அதன்பின் நடுவர் நீதிமன்றத்தை நாடலாம். வெறும் பணப் பாக்கித் தகராறுக்குக் காவல் நிலையம் வசூல் அலுவலகம் அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

ஊர்ப் பஞ்சாயத்து விரைவாகவும் செலவின்றியும் பேசித் தீர்க்கும் இடம். அங்கே முடிவானதை எழுதி, இருவரும் கையெழுத்திட்டால் அது பின்னாளில் நல்ல சாட்சியாக உதவும். ஆனால் அந்த முடிவு நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. பஞ்சாயத்துக்குப் போனதால் சட்டப் பரிகாரம் பறிபோகாது. போனதால் கால எல்லையும் நீளாது. சட்டத்தை நாடியதற்காக ஒருவரை ஊர்விலக்கு செய்வது சட்டவிரோதம்.

எந்த வழியில் போனாலும் சான்றே பலம். குறை தெரிந்தவுடன் படமும் காணொளியும் எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்துச் சான்று வாங்கி, விற்றவருக்குப் பெறுகைச் சான்றுடன் அஞ்சலில் கடிதம் அனுப்ப வேண்டும். அதற்கு முன் எஞ்சினைப் பிரித்துப் பழுது பார்த்தால், ஆணையம் ஆய்வுக்கு அனுப்பச் சொல்லும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

பழைய படகு வாங்குவதில் தவறேதுமில்லை. சரியாகப் பார்த்து வாங்கினால் அது பல ஆண்டுகள் உழைக்கும். விலையில் ஒரு பகுதியையாவது பெயர் மாற்றத்துக்குப் பிறகே கொடுப்பது என்ற ஒரே ஒழுங்கை ஏரிக்கரை மீனவர்கள் கடைப்பிடித்தால், மேலே சொன்ன பரிகாரங்களில் பெரும்பாலானவற்றைத் தேடிப் போகும் அவசியமே ஏற்படாது.